வைக்கோல் நிறம்

கம்பெனிக்காரன் குழாயைத் தூக்கி வைத்திருந்தான்
பின்சீட்டுக்குப் பக்கத்தில், தேள்கொடுக்கு மாதிரி.
கூத்தாநல்லூர் ஜமீல்தீன் வந்து நின்று சொன்னான்:
"கீழ வேணும். வயித்துக்கு அடியில.
சத்தம் தரையிலேர்ந்து வரணும்."

சத்தம் எங்கிருந்தும் வரும் தம்பி.
இடம்தான் கிடைக்காது.

வலப்பக்கம் பிரேக் பெடல், அதற்குப் பின்னால் உன் குதிகால்,
உள்ளே ஸ்விங் ஆர்ம்,
கீழே மன்னார்குடியின் அத்தனை வேகத்தடைகளும்.
நடுவில் ஐம்பது மில்லி குழாய் ஒன்று
யார் மேலும் இடிக்காமல் போக வேண்டும்,
கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நுழைகிறவன் போல.

வெல்டிங் கம்பியை வளைத்துப் பார்த்தேன்.
பிறகு பழைய காலண்டர் அட்டையில்.
ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி
சக்கரம் ஏறுகிற மட்டும் ஏற்றினோம், நானும் கலைவேந்தனும்.
கயிற்றில் கட்டி வண்டியை வலப்பக்கம் சாய்த்தோம்.
முப்பத்தெட்டு டிகிரியில் அட்டை தரையைத் தொட்டது.
"அம்புட்டு சாய மாட்டேண்ணே."
எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.
பதினெட்டு மில்லி உள்ளே, பத்து மில்லி மேலே.
நாற்பத்து மூன்று.
இனி நகர்த்தினால் பெடல்.

சாய்வெட்டில் இருபத்திரண்டு துண்டு.
இரண்டு வாயையும் டேப்பால் அடைத்து
உள்ளேயும் ஆர்கான் நிரப்பி
ஒவ்வொரு துண்டாகப் பற்றவைத்தேன்.
காற்று நுழைந்தால் பற்று சாம்பலாகும்.
கொஞ்சமாக நுழைந்தால் நீலம்.
நுழையவே இல்லையென்றால் வைக்கோல் நிறம்.
அந்த நிறம் வரும் வரை
போன் அடித்தாலும் எடுப்பதில்லை.

கண்ணாடிப் பஞ்சு சுற்றிய இரவு முழங்கை அரித்தது. அது வேறு.

மாசி. சம்பா அறுத்து முடிந்து
வெண்ணாற்றங்கரைச் சாலையில் பாதி வைக்கோல்.
அவன் முன்னால், நான் என் மொபெட்டில் பின்னால்.
சத்தம் அவன் கேட்டது போலவே தரையிலிருந்து வந்தது.
கொக்குகள் எழுந்தன.
பிறகு புகை வந்தது, அதுவும் தரையிலிருந்து.

சூட்டுக்கும் அதிர்வுக்கும் என்று
ஸ்விங் ஆர்முக்கும் குழாய்க்கும் நடுவே
இரண்டு விரல் விட்டிருந்தேன்.
வைக்கோலுக்கு அது கூடு.

பயந்துபோய் அவன் நிறுத்திய இடம்
கட்டி உருட்டிப் போட்டிருந்த ரோலின் ஓரம்.
ரோல் பிடித்துக்கொண்டது.
ஆற்றில் மணல்தான் இருந்தது,
மேட்டூரை அடைத்துப் பதினைந்து நாள்.

கட்டு மெஷின் ஓட்டுகிற சுடர்மணி
குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேனோடு ஓடி வந்தான்.
பாதியை ரோலில் ஊற்றினான், பாதியைக் குழாயில்.
சுர்ரென்றது. என் நெஞ்சிலும்.

மூச்சு வாங்கிக்கொண்டு தன் டிராக்டரைக் காட்டினான்:
"அதுக்குக் கொழா ஏன் வானத்தப் பாத்து நிக்கிது?
அழகுக்குன்னு நெனச்சியா?"

இரண்டு பேரும் டிராக்டரைப் பார்த்தோம்.

ஆறினதும் குனிந்து பார்த்தேன்.
தைத்த இடமெல்லாம் நீலம்.
என் வைக்கோல் நிறத்தை
வைக்கோலே தின்றிருந்தது.

ஜமீல்தீன் மட்டும் மாறவில்லை. "கீழதாண்ணே வேணும்."
சரி.
அந்த இரண்டு விரலை மூடி
அடியில் ஒரு தகடு வரைந்தேன்,
முன்மூக்கு கொழு மாதிரி கூராக,
வருவதை இரண்டு பக்கமும் ஒதுக்க.
எடை நானூறு கிராம் கூடும். கூடட்டும்.

பில்லில் எழுதினேன்:
குழாய், பற்று, ஸ்பிரிங் இரண்டு, தகடு ஒன்று,
வைக்கோல் ரோல் ஒன்று.

காசு கொடுத்ததால் ரோலை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம்.
பட்டறை வாசலில் கிடக்கிறது.
கருகாத பக்கமாகப் பார்த்து
எந்த வீட்டு மாடோ இழுக்கிறது.