யூனியன் பிளேஸ், ஒன்பதாம் மாடி

பதிந்தது நூற்றிருபது பேர்.
மழை. வந்தது முப்பத்தொன்று.
ரோல்ஸ் மட்டும் நூற்றிருபதும் வந்துவிட்டது.

திறந்த மூலம் என்றால் சுதந்திரம் என்றார் மேடையில் ஒருவர்.
கைதட்டினோம்.
அவர் கம்பனி எங்கள் நிரலை
நாலு வருசமாய்ப் பாவிக்குது;
ஒரு வழுவைக்கூடச் சொன்னதில்லை.

சேயோன் என்ற என் பெயரட்டையில்
கொம்புகள் கழன்று
புள்ளி வட்டத்தில் தொங்கின.
"தமிழ் அப்பிடித்தான் அண்ணா" என்றான்
அச்சடித்த பொடியன்.

கடைசி வரிசையில் ரிஸ்மியா
தலை நிமிராமல் மூன்று வரி திருத்தி அனுப்பினாள்,
டீசேர்ட்டும் வாங்காமல்
தெஹிவளை பஸ்ஸுக்கு ஓடினாள்.

மிஞ்சிய ரோல்ஸைக் கட்டிக்கொண்டே
செக்கியூரிட்டி கேட்டார்:
"இதெல்லாம் சும்மாவோ?"
சும்மாதான் என்றேன், பெருமையாய்.

அவள் திருத்தம்
புதன் வரைக்கும் திறபடாமல் கிடந்தது.
பார்க்கவேண்டியவன்
நான்.