இருபத்து நான்காம் கட்டம்

பேரணாம்பட்டு பஸ், பின் சீட், முதல் ஷிப்ட்.
தில்ஷாத் கேட்கிறாள், நான் சொல்கிறேன்.
"சோடியம்?" என்ஏ.
"பொட்டாசியம்?" கே.
ஏன் கே என்று அவளுக்கும் தெரியாது.
ரேஷன் கார்டில் நான் வேண்டாமணி,
வீட்டில் பாப்பு.
அதுமாதிரி ஏதோ இருக்கும்.

முதல் தொகுதி எளிது.
பச்சைத் தோலை உதறும்போது
முழங்கைவரை ஒட்டுகிற உப்பில்
பாதி அதுதான்.
கால்சியம் சுண்ணாம்புத் தொட்டியில்;
நகக்கண்ணில் எரியும்.
கந்தகம் சாயங்காலம் எங்களோடு பஸ் ஏறும்,
பக்கத்து சீட்காரர் எழுந்து போவார்.

பதினெட்டாம் தொகுதிதான் மனசில் நிற்காது.
ஹீலியம், நியான், ஆர்கான்…
யாரோடும் ஒட்டாத வாயுக்கள்.
"முதலாளி ஏசி ரூம் மாதிரிடீ" என்றாள்.
அப்புறம் மறக்கவில்லை.

குரோமியத்தை நான் படிக்கவே இல்லை.
இருபத்து நான்காம் கட்டம், சிஆர்.
டிரம் சுழலும், தோல் நீலமாக வெளிவரும்,
கிழிந்த கையுறைக்குள் என் ரேகைகளும்.
மூன்று எலக்ட்ரான் இழந்தால் தோலைக் காக்கும்,
ஆறு இழந்தால் நஞ்சு.
லேப் பையன் சொன்னது.
புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதி
தில்ஷாத் இரண்டு முறை கோடிட்டிருக்கிறாள்.
அவள் அம்மா வீடு தொழிற்சாலைக்குப் பின்னால்.
அடிபம்பில் மஞ்சளாக வந்து
ஆறு வருஷம்.

கவுண்டின்யா பாலம். கீழே மணல்.
"இரும்பு?" எஃப்ஈ.
"வெள்ளி?" ஏஜி.
"தண்ணி?"
"அது தனிமம் இல்லடீ."
அவள் அடுத்த கேள்வி கேட்கவில்லை,
புத்தகத்தையும் மூடவில்லை.