ஏழாவது ஆள்

மட்டிக்களியில் பஸ் இறக்கிவிட்டபோது
ஒன்பது ஐம்பது.
அரைநாள் லீவு.
காரணம் என்ற இடத்தில் ‘சொந்த அலுவல்’ என்று எழுதியிருந்தேன்.

கைப்பைக்குள் ஒரு கொப்பித்தாள்,
இரவு நித்திரை வராமல் எழுதின கேள்விகள்:
கணிதத்துக்கு ஆள் இருக்கா,
ஆங்கிலத்துக்கு ஆள் இருக்கா,
சாதாரணதரத்தில் போன வருஷம்…
அதை வெட்டியிருந்தேன்.
இங்கே ஒன்பதாம் ஆண்டோடு முடிகிறது.
அடியில், பென்சிலில், மகளின் எழுத்து:
கக்கூசுக்கு உள்ளுக்குக் கொக்கி இருக்கா?

மூன்று புள்ளி.
வெட்டுப்புள்ளிக்கும் இவளுக்கும் நடுவே அவ்வளவுதான்.
மூன்று புள்ளி அகலத்துக்கு
எந்தப் பெரிய பள்ளிக்கூடத்துக் கேற்றும் திறக்காது.

‘அந்தப் பள்ளிக்கூடமா?’ என்றாள் மச்சாள்.
அந்த ‘மா’வை அவள் இழுத்து முடிக்குமுன்
என் தேத்தண்ணி ஆறிவிட்டது.

அதிபர் சிவகடாட்சம் கந்தோரில் இல்லை.
எட்டாம் ஆண்டில் பின்னம் படிப்பித்துக்கொண்டிருந்தார்,
சட்டைக்கையில் சோக்குத்தூள்.
‘கணிதத்துக்கு வெற்றிடம். ரெண்டு வருஷமா.
எழுதி எழுதிப் போடுறன்.
நான் படிச்சது புவியியல், அம்மா.’
பொய் சொல்லியிருந்தால் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம்.
மொத்தம் எழுபத்தொரு பிள்ளைகள்.
நூலகம் பூட்டு,
திறப்பு பிரசவ லீவில் இருக்கிற ரீச்சரிடம்.
மின்விசிறி இருக்கிறது, சுற்றாது.
களப்புக் காற்று சுற்றுகிறது,
கொஞ்சம் சேற்று மணத்தோடு.

சுவரில் இலங்கைப் படம்.
திருகோணமலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டு.
எத்தனை வருஷத்து விரல்கள்
இதுதான் நாங்கள், இதுதான் நாங்கள் என்று
தொட்டுத் தொட்டு ஊரை அழித்திருக்கின்றன.

ஆறாம் ஆண்டு.
கிண்ணியாவில் இருந்து பஸ் ஏறி வருகிற பஸ்மிலா ரீச்சர்
ஜாம் போத்தலில் களப்புத் தண்ணி கொண்டுவந்திருந்தா.
ஒரு நுணுக்குக்காட்டி.
பதினொரு பிள்ளைகள் வரிசையில்.
பார்த்தவன் ‘ஆஆ’ என்றான்.
கடைசியில் போய் நின்று இன்னொரு தரம் பார்த்தான்.
யாரும் தள்ளவில்லை.
ஒரு வகுப்பில் நாற்பத்தெட்டு என்றால்
இவன் என்னத்தைப் பார்த்திருப்பான்,
முன்னால் நிற்கிறவனின் கழுத்தை.
இதை என் தாளில் எந்தக் கேள்விக்கு நேரே எழுதுவது?
ரீச்சர் என்னையும் கூப்பிட்டா.
கண்ணை வைத்தேன்.
என் கண்மயிர்தான் தெரிந்தது.

பிறகு கக்கூஸ்.
கதவில் சோக்கால் யாரோ யாரையோ கழுதை என்று எழுதியிருந்தது.
உள்ளுக்குக் கொக்கி. புதுசு.
வாளியில் தண்ணி விளிம்புவரை.
கொழுவிப் பார்த்தேன்.
கொழுவியபடி கொஞ்ச நேரம் நின்றேன்,
வெளியே யாரோ தட்டும்வரை.

தட்டினது டயனுஷா, எட்டாம் ஆண்டு.
கூட இன்னும் ஐந்து பேர்,
வியர்வையும் ஒரு வலைப்பந்துமாய்.
‘அன்ரி, புதுப் பிள்ளைக்கோ வந்தீங்க?’
‘சும்மா பார்க்க வந்தனான்.’
‘உயரமா?’
‘என்னது?’
‘உங்கட பிள்ளை. உயரமா?
ஏழு பேர் வேணும், எங்களிட்ட ஆறுதான்.
வலயப் போட்டிக்குப் போகேலாம நிக்கிறம்.’
என்னை ஏற இறங்கப் பார்த்தாள்,
தாயை வைத்து மகளை அளக்கிற பார்வை.
நான் கொஞ்சம் நிமிர்ந்தேன் என்று நினைக்கிறேன்.

பின்னேரம் மகள் கேட்டாள், ‘இருக்கா?’
‘இருக்கு.’
‘வேற?’
கணிதம், திறப்பு, மின்விசிறி,
எல்லாம் நாக்கு நுனியில் இருந்தன.
‘நீ உயரமா எண்டு கேட்டாங்க.’

பேசாமல் எழுந்துபோய்
போன பொங்கலுக்குப் பென்சிலால் கோடு போட்ட
கதவு நிலையில் முதுகை ஒட்டி நின்றாள்.
‘அளவுங்க.’

படிவம் மேசையில் கிடக்கிறது.
வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேணும்.
மச்சாள் இரண்டு தரம் கோல் எடுத்துவிட்டாள்.
நான் அடிமட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.