முப்பது நிமிடம்

பக்ரீத் முடிந்த நாலாம் நாள்
பேரணாம்பட்டுக்கு உப்பு வந்தது.
லாரி லாரியாய்த் தோலில் ஒட்டிவந்து
கழுவிய தண்ணீரில் கரைந்து
எங்கள் தொட்டியில் இறங்கியது.

ராத்திரி ஷிஃப்ட். நானும் முக்தியாரும்.
ப்ளோயர் ஓடிக்கொண்டுதான் இருந்தது,
ஊதிய காற்றை வாங்கிக்கொள்ள
உள்ளே ஆளில்லை.
நல்ல நாளில் தொட்டி காப்பி நிறம்,
புது மழை மண்ணின் வாசம்.
அன்று வெள்ளை நுரை நடைபாதை ஏறி
என் செருப்பை நனைத்தது.

ஒரு லிட்டர் சிலிண்டரில் மொண்டு வைத்தேன்.
முப்பது நிமிடத்தில் சேறு படிய வேண்டும்,
மேலே தெளிய வேண்டும்.
எங்கள் தொழிலில் வேறு ஜாதகம் கிடையாது.
நாற்பதிலும் கலங்கல்.

மைக்ராஸ்கோப்பில்
தண்டில் ஆடும் மணிகள் இல்லை.
தலையில் சக்கரம் சுழல
சோம்பலாய் மேயுமே, அதுவும் இல்லை.
காலி ஓடுகள்.
கோடிக்கணக்கில் சாவு என்று
எந்தப் பத்தியில் எழுதுவது?
'உப்பு அதிகம்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"இன்னாக்கா, செத்துப்பூட்ச்சா?"
"ம்."
"கரிச்சிருக்கும் பாவம்."

சங்கத்துச் செயலாளர் போனில்:
"ஹெப்சி மேடம், எத்தினி நாளு? நம்பர் சொல்லுங்க."

நம்பர் இல்லை.
பக்கத்து வீட்டில் உறைமோர் கேட்பதுபோல
வாணியம்பாடியில் ஒரு டேங்கர் சேறு கேட்டோம்.
சாணம் இருநூறு கிலோ, வெல்லம் நாலு மூட்டை.
முக்தியார் ஒரு துண்டு கடித்துப் பார்த்துவிட்டுத்தான்
மிச்சத்தைக் கரைத்தான்.

ஒன்று கழித்ததை ஒன்று தின்னும்,
தின்றதை இன்னொன்று தின்னும்.
பந்தியில் யார் முதலில் உட்கார்ந்தது என்று
யாரும் கேட்பதில்லை அங்கே.
அம்மோனியா தின்கிற கூட்டம் மட்டும்
கோபித்துப்போன சம்பந்தி மாதிரி,
எல்லாரும் வந்து
எல்லாம் சரியான பிறகுதான் வரும்.
வரவில்லை.
பதினாறு நாள் வரவில்லை.

இருபத்து மூன்றாம் ராத்திரி,
மின்சாரம் போய் வந்த பிறகு,
கண்ணாடித் தகட்டின் ஓரத்தில்
ஒற்றை மணி.
தண்டோடு வெடுக்கென்று சுருங்கியது.
நான் மூச்சு விடவில்லை.
மெல்ல நீண்டு
வாயைத் திறந்து தின்னத் தொடங்கியது,
எங்கள் ஊர்க் கழிவை.

"முக்தியார், வா, பாரு."

குனிந்தான். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தான்.
"இன்னா தெரியுது?"
"என் இமை மயிருதான்க்கா தெரியுது."

சிலிண்டரில்
இருபத்தெட்டாவது நிமிடம்.