காரணமில்லாத ஊர்

அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு காடு, கீழே ஒரு காடு.
நடுவில் நூற்றைம்பது வருடத் தேயிலை.
தவளைக்கு அது கடல்.

மரியசூசை அண்ணன் தலைவிளக்கோடு முன்னால் போவார்.
குரலை வைத்தே எந்த இலை என்று சொல்வார்.
கட்டைவிரல் நகமளவு உடம்பு,
வாய்க்குள் பஞ்சு நுனியை ஒற்றி எடுத்து
அதே இலையில் விட்டுவிடுவோம்.
மேல் காட்டில் முப்பத்தெட்டு, கீழ் காட்டில் நாற்பத்தொன்று.
அட்டை கடித்த கணக்கு தனி.

எழுத்துகள் வந்துசேர ஏழு மாதம்.
இருபதாயிரம் இடங்களில் ஒப்பிட்டேன்.
எங்கு பார்த்தாலும் கொஞ்சம் கொஞ்சம் விலகியிருந்தன.
விலகல் பெரிய சேதியில்லை.
பிரித்து வைத்தால் எதுவும் விலகும்:
எந்தச் சரிவு எந்த முட்டைக்குழியை மூடியதோ.
தாயக்கட்டை உருண்டதற்கெல்லாம்
தத்துவம் எழுத முடியாது.

ஆகவே கணினிக்குள் ஓர் ஊர் கட்டினேன்.
அங்கேயும் இரண்டு காடு, நடுவில் தேயிலை,
அதே தொகை, அத்தனை தலைமுறை.
ஒன்று மட்டும் கிடையாது: காரணம்.
பனி அங்கே யாரையும் தேர்ந்து கொல்லாது.
பிழைத்தது பிழைத்ததற்கு அர்த்தமில்லை.
நுவரெலியாவில், வாடகை அறையில்
பத்தாயிரம் தடவை அதை ஓடவிட்டேன்.
மின்வெட்டில் இரண்டு முறை பாதியில் செத்தது,
அதுவும் காரணமில்லாமல்தான்.

அந்த ஊரில் நடக்கக்கூடியதையெல்லாம் அடித்துவிட்டேன்.
மிஞ்சியவை அறுபத்துமூன்று புள்ளி.
சந்தோஷப்படவில்லை.
இருபதாயிரம் பேரை வரிசையில் நிறுத்தினால்
சும்மாவே சிலர் நெடுநெடுவென்று நிற்பார்கள்.

ஒஹியப் பக்கம் இன்னொரு சோடி,
அங்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று.
மறுபடி அட்டை. மறுபடி பஞ்சு.
அறுபத்திரண்டு கூட்டத்தோடு கலந்துவிட்டன.
ஒன்று மட்டும் அங்கேயும் தனியாக,
பனி விழும் உயரத்தின் பக்கமே சாய்ந்து.
அதற்கு இன்னும் பெயரில்லை, ஓர் எண்தான்.

அண்ணனுக்குத் திரையைக் காட்டினேன்.
"இந்த ஒரு பொட்டுக்கா இவ்வளவு நட?"
"ஆமாண்ணே."
"அப்ப பனிக்குச் செத்ததெல்லாம் இதுல எங்க இருக்கு?"

எந்தக் குழாயிலும் இல்லை.
என் பெட்டியில் இருப்பவை முழுக்கப்
பிழைத்தவற்றின் பிள்ளைகள்.
செத்தவற்றை நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.
அவை இல்லாததன் உயரம்
அந்தப் புள்ளி.

இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவர் விளக்கின் பேட்டரியைக் கழற்றித் துடைத்தார்.
காலையில் பிரட்டுக்குப் பேர் போட வேண்டும்.
வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"ராவைக்குப் பனி விழும் போல."