மூன்றாம் பாட்டின் நடுவில்

அந்த வருஷம் கடைத்தட்டுகளில் வினிகர் மட்டும் இருந்தது.
ஹோஷூஃபில் எங்கள் தெருவில்
ரேடியோ பலரிடம் உண்டு.
அதிலிருந்து டேப்புக்கு இழுக்கும் ஒயர்
யாரிடமும் இல்லை.

ஏவால்ட், மைக்கை
ரேடியோவுக்கு முன்னால்
ஒரு பழைய ரொட்டியில் சாய்த்து நிறுத்தினான்.
இனி முழு இசைத்தட்டு, இடையில் பேசமாட்டேன்
என்றார் அறிவிப்பாளர்.
அவர் பேசவில்லை.

பேசியது ஏவால்டின் அம்மா.

மூன்றாம் பாட்டு. இரண்டாம் சரணம் முடிந்து
டிரம்ஸ் சட்டென நின்றுபோய்
ஒற்றைக் கிடார் மட்டும்
ஈரச் சுவரில் நகம் இறங்குவதுபோல் இறங்குமே, அங்கே:
"ஏவால்ட், சூப் ஆறுது!"
அப்புறம் அவன் குரல், பல்லிடுக்கில்:
"ஷ்ஷ்."
அப்புறம் டிரம்ஸ்.

அதிலிருந்து கின்டர் ஒரு நகல் எடுத்தான்.
கின்டரிடமிருந்து சுரங்கத் தெரு இரட்டையர்,
அவர்களிடமிருந்து ஒரு பேக்கரிக்காரன்.
எனக்கு வந்தது ஏழாவதோ எட்டாவதோ.
விலை: அம்மாவின் சர்க்கரைக் கூப்பன், அவளுக்குத் தெரியாமல்.
அதற்குள் பாடகரின் குரல்
தூர்ந்த கிணற்றுக்குள் போயிருந்தது.
சூப் மட்டும் தெளிவாகக் கேட்டது.

ஸ்லேட் பிஷப். இங்கிலாந்துக்காரர்கள்.
பையன்கள் எந்நேரமும் ஆயரைப் பற்றியே பேசுகிறார்களாமே என்று
பங்குத்தந்தைக்குக் கொஞ்ச நாள் மகிழ்ச்சி.

மூன்று இசைத்தட்டு.
பிறகு அவர்களுக்குப் பணம் வந்தது,
நல்ல ஸ்டூடியோ வந்தது, கீபோர்டு வந்தது,
மழையில் நனையும் காதல் பாட்டு வந்தது.
நாங்கள் கூடப் போகவில்லை.
உங்கள் கூட்டத்துக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது
என்பார் என் கணவர். அவருக்கு ஜாஸ்.

முப்பது வருஷம் டிராம் ஓட்டினேன்,
ஆறாம் நம்பர், பித்தோம் வரை.
பாலத்தடியில் தண்டவாளம் வளையும் இடத்தில்
சக்கரம் அலறும் சுருதி
முதல் தட்டின் கடைசிப் பாட்டுக்கு அரைச் சுரம் கீழே.
யாரிடமும் சொன்னதில்லை.
ஒருநாள் பின்சீட்டில் நரைத்த தாடிக்காரர் ஒருவர்
அந்த வளைவில் மட்டும் தொடையில் தாளம் போட்டதைக்
கண்ணாடியில் பார்த்தேன்.
அவர் இறங்கியபோது இரண்டு தரம் மணி அடித்தேன்.
விதிப்படி அது தப்பு.

துலக்கியெடுத்த புதுப் பதிப்பை
மகன் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தான்.
பளபளவென்று இருந்தது, உண்மைதான்.
மூன்றாம் பாட்டில் கிடார் இறங்கியது;
யாரும் யாரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை.
நன்றாயிருக்கிறதுடா என்று சொல்லிவைத்தேன்.

போன நவம்பரில் வந்தார்கள் கட்டோவிச்சேவுக்கு.
இறுதிப் பயணம், நான்காவது முறையாக.
பழைய ஆட்கள் இருவரே மிச்சம்.
குரல் எட்டாத உச்சங்களில் பாடகர்
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்.
எங்களுக்கும் எட்டவில்லை.
ஆணி பதித்த பெல்ட்டுகள் கடைசித் துளையில்,
சட்டைப்பையில் மூட்டுவலி மாத்திரை.

மூன்றாம் பாட்டு.
டிரம்ஸ் நின்றது. கிடார் இறங்கியது.
யாரும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.
ஆயிரத்துச் சொச்சம் தொண்டை:

ஏவால்ட், சூப் ஆறுது!

பாடகர் பாஸ்காரரைப் பார்த்தார்.
வசை என்று நினைத்திருக்கலாம், அல்லது
எங்கள் ஊர் ஜெபம் ஏதோ என்று.

எனக்கு மூன்று வரிசை முன்னால் நின்றிருந்தான் ஏவால்ட்,
டோர்ட்முண்டிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவன்.
எண்பத்தெட்டில், அம்மாவின் அடக்கத்துக்கு
அவனுக்கு விசா கிடைக்கவில்லை.

அடுத்தது அவன் இடம்.
அந்த டேப்பில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும்.
அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டோம்.

அவன் "ஷ்ஷ்" சொல்லவில்லை.

கிடார்காரருக்கு என்ன தோன்றியதோ,
அந்த ஒரு சுரத்தையே பிடித்துக்கொண்டு நின்றார்,
தட்டில் இருப்பதைவிட
வெகு நேரம்.

அப்புறம் டிரம்ஸ்.