ஐவருக்காக எழுதியது

பாஸ் கிளாரினெட், வயோலா, அக்கார்டியன், பியானோ,
பிறகு ஒரு மேசை நிறையத் தட்டுகிற சாமான்.
அதற்குள் பனிச்சறுக்குக் கம்பு ஒன்றும் கிடந்தது,
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
ஐந்து பேர்.
நான் பியானோக்காரருக்கு இடப்பக்கம்
முதுகில்லாத நாற்காலியில்,
தாள் புரட்ட.
மணிக்கு முப்பது பிராங்க், பஸ் காசு தனி.

பீல் நகரில், முன்பு
கடிகாரங்களுக்கு முகம் செய்த தொழிற்சாலையின் இரண்டாம் மாடி.
ஒத்திகை பிரெஞ்சில் தொடங்கும்,
சண்டை வந்தால் ஜெர்மனுக்கு மாறும்.
ஏழேகால் ரயிலுக்கு ஜன்னல் கிணுகிணுக்கும்.
மேசைக்காரர் அந்த இடத்தில் மட்டும்
தன் முக்கோணத்தைத் தட்டாமல் விட்டுவிடுவார்.

நூற்றுப் பன்னிரண்டாம் கட்டத்தில்
எல்லோரும் நிறுத்த வேண்டும்.
நாற்பது நொடி.
'ஒன்றுமில்லை' என்று பென்சிலால் எழுதி
இருமுறை அடிக்கோடிட்டிருந்தாள்
செராய்னா கடுஃப், இதை இயற்றியவள்.
பக்கமோ சரியாக அதன் நடுவில் முடிகிறது.

முதல் நாள் புரட்டினேன்.
சரக்.
நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
மறுநாள் மூலையை மடித்து வைத்தேன்,
விளிம்பில் மெழுகு தேய்த்தேன்,
தூங்கும் பிள்ளையின் கையிலிருந்து
பிஸ்கட்டை எடுப்பதுபோல் எடுத்தேன்.
மெதுவாகப் புரட்டினால் ஓசை நீளுகிறது,
அவ்வளவுதான்.
மன்னிக்கவும் என்றேன், இரு மொழியிலும்.

செராய்னா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.
இன்னொரு முறை.
இன்னொரு முறை.
இப்போது கொஞ்சம் பிந்தி, இருபத்து மூன்றாம் நொடியில்.

வியாழக்கிழமை வந்த புதிய பிரதியில்
ஐவரின் வரிகளுக்குக் கீழே ஆறாவதாக ஒன்று.
முழுக்க ஓய்வுக் குறிகள்,
நாற்பத்தொரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பெருக்கல் குறி.
இசைவா என்று கேட்டாள்.
இசைந்தேன்.

வீட்டில் பழகினேன்:
மின்கட்டண உறை, பல் மருத்துவரின் கடிதம்,
மகனின் கணக்குக் கொப்பி.
இருபத்தொன்று, இருபத்திரண்டு,
"அம்மா, அந்தப் பக்கம் நான் இன்னும் முடிக்கேல்லை."

அரங்கேற்றத்தன்று எழுபது பேர்.
பதினெட்டாம் நொடியில் ஒருவர் இருமினார்,
இருபதில் இன்னொருவர்,
நான் என் இடத்தில் புரட்டினேன்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.
நிகழ்ச்சி நிரலில்
'ஐவருக்காக' என்றே அச்சாகியிருந்தது.

மார்ச்சில் லோசானில் மறுபடி வாசிக்கிறார்கள்.
பியானோக்காரர் ரெட்டோ ஐபேட் வாங்கிவிட்டார்,
மிதிகட்டையை அழுத்தினால் பக்கம் மாறுகிறது.
எங்கள் மொழியில் தாள் என்றால் காலும்தான் என்றேன்.
சிரித்து வைத்தார்.

ஆனால் ஆறாவது வரியை அவள் அழிக்கவில்லை.
பியானோவிலிருந்து நாலடி தள்ளி
எனக்கென்று ஒரு தாங்கியும் ஒரு சிறு விளக்கும்.
அதில் இரண்டு தாள்:
ஒன்றும் எழுதாதது ஒன்று,
அதன் பின்னால் இன்னொன்று.
கறுப்பு உடுப்பில் வரச் சொல்லியிருக்கிறார்கள்.
எண்பது கிராம் தாளா, நூற்றிருபதா
என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.